தாய்மாமன் ரத்தம்

லகாட், பேராக்.
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் பவித்ரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கிளாஸ்கோ குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, மார்ச்சளி விட்டதா? நானும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. போனில் பேசினால் நீ இரண்டாவது நிமிடத்திலேயே லேப்ல இருக்கேம்மா என்பாய், குடும்பக் குரூப்பில் எழுதினால் செமோரில் இருக்கிற சம்பந்தி வீடு முழுவதும் படித்துவிடும். அதனால்தான் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுவதும் படி.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி துளசியின் பிள்ளை ஷர்வினுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை உனக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் நீ என்ன அனுப்பினாய்? பதினான்கு பக்கம் ஆங்கிலக் கட்டுரை, அதில் ஆறுமூலைக் கட்டங்களாகப் போட்ட படம், கீழே ஒரு கும்பிடு. பத்து வருடமாகச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கிறவன், பெற்றவளுக்குத் தமிழில் நாலு வரி எழுத முடியாதா? கடைசியில் எனக்கு அதை விளக்கிச் சொன்னது குழந்தைகள் வார்டில் இருக்கிற டாக்டர் ஷாமினி. சின்னப் பெண், நின்று சாப்பிடக்கூட நேரமில்லாதவள், இருந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். சிவப்பணுவுக்குள் ஒரு நொதி இருக்கிறதாம், அது சர்க்கரையிலிருந்து ஒரு சக்தியை எடுத்துச் சேர்த்து வைக்கிறதாம், அணு துருப்பிடிக்காமல் காப்பது அந்தச் சேமிப்புத்தானாம். உடம்பின் மற்ற செல்களுக்கு வேறு வழிகளும் உண்டு, சிவப்பணுவுக்கு இந்த ஒரே வழிதான் என்றாள். அந்த நொதி பலவீனமாக இருக்கிற பிள்ளை சாதாரணமாக நன்றாகத்தான் இருக்குமாம். சில மருந்து, சில பயறு, அந்துருண்டை வாடை, இவை உள்ளே போனால் மட்டும் அணு தாங்காமல் உடைந்துவிடுமாம். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், எனக்கு உடனே பிடிபட்டது. வாளியில் அமோனியா விடாத பால் வெயில் ஏறினால் கட்டியாகிவிடும், விட்ட பால் அப்படியே நிற்கும். அப்படித்தானே டாக்டர் என்றேன், ஏறக்குறைய அப்படித்தாம்மா என்று சிரித்தாள். நீ இதில் தப்பு கண்டுபிடிக்காதே.

இனி நடந்ததைக் கேள். பிள்ளை பிறந்த கிளினிக்கிலேயே ரத்தம் பார்த்து, இந்தக் குறை இருக்கிறது என்று மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்கள். யாரிடம்? வயிற்றைக் கிழித்து எடுத்ததில் துளசி காய்ச்சலோடு படுத்திருந்தாள், அதனால் அவள் புருஷன் கோகிலனிடமும் அவன் அம்மா மரகதத்திடமும் சொல்லி, தவிர்க்க வேண்டியதையெல்லாம் எழுதிய தாளையும் கொடுத்திருக்கிறார்கள். நம் சம்பந்தியம்மா என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தாளையும் பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தையும் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். இப்ப சொன்னா புள்ள பெத்தவ மனசு ஒடஞ்சி பால் வத்திடும், முப்பது நாள் கழியட்டும் என்று மகனிடம் சொன்னாராம். அவனும் வாயைத் தைத்துக்கொண்டான். டிப்ளமா படித்து தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிற மாப்பிள்ளை, அம்மா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. வீட்டு அலமாரியில் இருந்த அந்துருண்டைகளை மட்டும் சத்தமில்லாமல் பொறுக்கி எறிந்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு முப்பதாம் நாள் சடங்குக்குத் தொட்டில் போட்டார்கள். அவர்கள் வழக்கம் உனக்குத் தெரியாது, தலைப்பிள்ளைக்கு அப்பாயியின் கூறைப்பட்டில்தான் தொட்டில் கட்டுவார்கள். அந்தப் பட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாதாம், நனைத்தால் கட்டினவளின் தாலிபாக்கியம் குறையுமாம், அதனால் முப்பத்தாறு வருடமாக அது தண்ணீர் பார்த்ததில்லை. தகரப்பெட்டியில் அந்துருண்டையோடுதான் கிடந்திருக்கிறது. அலமாரியைத் தேடின மனுஷிக்குப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. எடுத்து, அரைமணி நேரம் வாசலில் உதறிப் போட்டு, கட்டிவிட்டார். கட்டின தொட்டிலை மூன்று நாள் அவிழ்க்கவும் கூடாதாம். வாடை வராமலிருக்க சாம்பிராணி வேறு. திங்கட்கிழமை பிள்ளை பால் குடிக்க மறுத்தது, செவ்வாய்க்கிழமை கண்ணெல்லாம் மஞ்சள், பேம்பர்ஸைப் பிரித்தால் பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுத்த மூத்திரம். ஒரு மாதப் பிள்ளைக்கு, ஐயா! தூக்கிக்கொண்டு ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தைக் கேட்டபோதுதான் கோகிலன் ஒளித்து வைத்ததையெல்லாம் சொன்னான். ரத்தம் ஏற்றிய பிறகுதான் உதட்டில் நிறம் வந்தது. இப்போது ஆபத்தில்லை, திங்கட்கிழமை வீட்டுக்கு விடுவார்கள்.

புதன்கிழமை வார்டில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நர்ஸ்கள், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேர் முன்னாலும் மரகதம் சொல்கிறார், எங்க பரம்பரையில இப்படி ஒரு ரத்தமே கெடையாது, பொண்ணு குடுக்கும்போது மறைச்சிட்டாங்க, அவ பால்லயும் அதுதானே ஓடும் என்று. நான் சும்மா விடுவேனா? சாமி படத்துக்குப் பின்னால பேப்பர ஒளிச்சி வச்சது யாரு, நானா என்று கத்திவிட்டேன். கோகிலன் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். டாக்டர் ஷாமினி வந்து எங்கள் இருவரையும் பள்ளிப்பிள்ளைகளைப் போல அதட்டினாள். இது யாருடைய பாவமும் இல்லை, அம்மா வழியாக ஆண்பிள்ளைக்கு வருகிற ஒன்று, உலகத்தில் கோடிக்கணக்கான பேர் இதோடு நன்றாக வாழ்கிறார்கள், தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், பிள்ளையோட தாய்மாமனுக்கு இந்தப் பிரச்சினை இருக்காம்மா என்று. துளசியும் என் முகத்தைப் பார்த்து, அம்மா, நம்ம வீட்டுல யாருக்கும் இருக்கா, உங்களுக்குத் தெரியுமா என்றாள்.

அவனுக்கு ஒண்ணும் இல்ல லா, நல்லாத்தான் இருக்கான் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஆமாம் தம்பி. அவ்வளவு கத்தினவள் அதைத்தான் சொன்னேன். நீ பிறந்த அன்றைக்கே நர்ஸ் உனக்கு இதே குறை என்று ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, வீட்டில் உபாட் கெகாட் வைக்கக் கூடாது என்று மலாயில் மூன்று தடவை சொன்னாள். அதுதான் இந்த அந்துருண்டை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அந்த வாடை எனக்குத் தலைவலி தரும் என்று சொல்லியே அவர் சாகும்வரை வீட்டுக்குள் அண்டவிடவில்லை. உனக்கும் நீ ஆறாம் படிவம் படிக்கும்போதுதான் சொன்னேன். துளசிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, அவகிட்ட சொல்லிடலாம்மா, அவளையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம் என்று நீ போனில் சொன்னாய். ரத்தத்துல குறைன்னா எவன்டா பொண்ணு எடுப்பான் என்று அழுது உன் வாயை அடைத்தேன். நீயும் அடங்கிவிட்டாய். படிப்பு, வேலை, முடிவெட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்வது, எதிலாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா? கேட்கக் கூடாத ஒன்றில் மட்டும் நல்ல பிள்ளையாகக் கேட்டாயே, அதை நினைத்தால் உன் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் மனுஷியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டிலில் குனிந்து பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தபோது, சாம்பிராணியையும் மீறி அந்த வாடை என் மூக்கில் ஏறியது. முப்பது வருடம் வீட்டுக்குள் விடாமல் தடுத்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? பிள்ளைக்குக் குறை இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் இருக்கலாம் என்று தெரியும். பட்டை அவிழுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வது? ஏன்மா ஒரு மாதிரி இருக்கீங்க என்று துளசி கேட்டாள். வெயில் லா என்றேன். சோறு சாப்பிட்டேன், வெற்றிலை வாங்கிக்கொண்டேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். அந்த வீட்டில் மரகதம் ஒரு பக்கம் மறைக்க, நான் இன்னொரு பக்கம் மறைக்க, நடுவில் பிள்ளை அந்தப் பட்டில் படுத்திருந்தது. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் திட்டத்தான் செய்வேன், எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மனபாரம் இல்லை. துளசி பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். மாமியார் சொன்ன அந்த ஒரு பேச்சு அவளுக்குள் இறங்கிவிட்டது. பாலைப் பீய்ச்சிக் கழிவறைத் தொட்டியில் ஊற்றுகிறாள், பிள்ளை டின்பாலைக் கக்கிவிட்டு மார்பைத் தேடி அழுகிறது, இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுகிறாள். டாக்டர் இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை, அவங்க வேலை அது, அப்படித்தான் சொல்வாங்க என்கிறாள். நம் குடும்பத்திலேயே இப்படிப்பட்டவள் தான் ஒருத்திதான், தன் ரத்தம்தான் கெட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படி நம்புவது நான் சொன்ன பொய்யால். அந்தப் பொய்யை நான் விட்டுவிட்டால் அவளுக்கு மருந்து வேறு எங்கும் தேட வேண்டாம், நீ இருக்கிறாய்.

நாளைக் காலையில் உன் பிறப்புப் பத்திரத்தோடு நான் பூட்டி வைத்திருந்த அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறேன். முதலில் டாக்டரிடம் கொடுத்து எழுதினதைத் திருத்தச் சொல்வேன், பிறகு மரகதமும் கோகிலனும் கூட இருக்கும்போதே துளசியிடம் எல்லாவற்றையும் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை வாடை உட்பட. சொன்ன பிறகு அவள் என்னோடு பேசுவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பேசாவிட்டால் அது நியாயம்தான். அப்போது நீ எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே, அம்மா வயசானவங்க, விடு என்றெல்லாம் ஆரம்பிக்காதே. அவள் பக்கம் நில்.

உனக்கு நல்ல ஆயுளும் நல்ல துணையும் அமைய பத்துமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். உன் ஊரில் எந்த மருந்து வாங்கினாலும் உன் குறையைச் சொல்லி வாங்கு, வெட்கப்படாதே, வெட்கப்பட்டதெல்லாம் போதும். முக்கியமாக ஒன்றை மறந்துவிடாதே. நாளை உங்கள் நேரம் விடிந்ததும் துளசியை வீடியோவில் கூப்பிடு. கட்டுரை அனுப்பாதே. சட்டைக் கையை மடித்து, நீ எவ்வளவு திடமாக இருக்கிறாய் என்று அவளுக்குக் காட்டு. எனக்கும் இதே ரத்தம்தான், ஒன்றரை வயது வரை நம்ம அம்மா பால்தான் குடித்தேன் என்று சொல். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் உடனே போனை வைத்துவிடு, அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லாயி