புதரில் கட்டிய சேலைத் துண்டுகள்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒரு விளையாட்டுக்கு இழுக்கிறாள். காட்டில் யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, போனில் இடம் பார்த்துத் தேடிப் போக வேண்டும். போன ஞாயிறு சின்னக் காட்டில் போன் இல்லாமல் நடந்து பழகிப் பார்த்தோம். வழி தவறாமலிருக்கப் பழைய சேலையைக் கிழித்துப் புதர்தோறும் கட்டிக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். திரும்பும்போது ஒரு துண்டையும் காணோம். பின்னால் வந்த அக்கா பையைத் திறந்து காட்டினாள். "நல்ல துணியாச்சேடி, துடைக்க ஆகும்னு அவுத்துட்டு வந்தேன்." மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டேதான் சுற்றினோம், பயப்படாதீர்கள்.

அடுத்த மாதம் போவது பாறையும் பள்ளமுமான பெரிய காடு. தண்ணீர், தீப்பெட்டி, கட்டுத்துணி எல்லாம் நோட்டில் குறித்துவிட்டேன். நடை ஏழு மணி நேரம், போன் சார்ஜ் நான்கு மணி நேரம்தான் நிற்கும். எப்படிப் போட்டாலும் கணக்கு இடிக்கிறது. பாரத்தை முருகன் மேல் போட்டாயிற்று. ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் உங்கள் விசிலை அனுப்புங்கள்.

ஏன் போகிறாய் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அறையில் பேச ஆளில்லாமல் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. அந்த டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்குமாம், கண்டுபிடித்தவர்கள் பேர் எழுதலாமாம். நம் நால்வர் பேரையும் எழுதிவிட்டு வருகிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. விசிலை அனுப்புமுன் சின்னவளை ஒருமுறை ஊதச் சொல்லுங்கள்.