நான் நன்றாகச் சொன்ன கடைசிக் காட்சி

அக்கா,

நேற்று மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. நம் தொடரின் பாட்டேதான். இப்போது மதிய நேரத்தில் மறுபடியும் போடுகிறார்களாம். நான்கு வருடம் நம்மை இழுத்தடித்தது போதாதென்று இன்னொரு கூட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனியில், நம் இருவருக்கும் ஒரே மேஜை. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஒரு வாரம் உங்களுக்கு முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது. அடுத்த வாரம் மாறும். அதனால் இரவு எட்டரைக்கு வரும் தொடரை ஒரு வாரம் நீங்கள் பார்ப்பீர்கள், ஒரு வாரம் நான் பார்ப்பேன். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது எந்த ஒயர் பாதியில் நிற்கிறது, எந்தப் பெட்டியில் கிளிப் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மேஜையை ஒப்படைப்போம். கூடவே முந்தின நாள் கதையையும் ஒப்படைப்போம். சூப்பர்வைசர் நம்மை முறைத்ததெல்லாம் இதற்காகத்தான்.

நீங்கள் சொன்னால் இரண்டே வரி. "அழுதா. மாமியாக்காரி திட்டுனா. தொடரும் போட்டுட்டான்." அவ்வளவுதான். நான் அப்படி விடமாட்டேன். மாமியார் குரலில் பேசுவேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பிக் காட்டுவேன். "நீ சொல்றது டிவியவிட நல்லாருக்குதுடி. எப்பவும் நீயே பாத்துச் சொன்னாப் போதும்" என்பீர்கள். ராயக்கோட்டையில் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனேன், ஒரு வாத்தியாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியாது.

கதாநாயகியை நாம் "நம்மாளு" என்றுதான் சொல்வோம். அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். எனக்கு அது கதை. உங்களுக்கு அப்படி இல்லை. லோடு வண்டி ஓட்டிய உங்கள் வீட்டுக்காரர் ஆனேக்கல்லில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறியோடு வருவார், தின்றுவிட்டுத் தூங்குவார், விடிந்ததும் கிளம்பிவிடுவார். "நம்மாளு என்னிக்கு அவன் மூஞ்சில கதவச் சாத்தறாளோ, அன்னிக்கே நானும் சாத்திடுவேன் பாரு" என்று ஒருநாள் கிளவுஸை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பிறகு மேஜைக்கு வந்ததும் உங்கள் முதல் கேள்வி, "சாத்திட்டாளா?"

எங்கே சாத்தினாள்! மாடிப்படியில் விழுந்தாள், நினைவு தப்பினாள், செய்யாத கொலைக்கு ஜெயிலுக்குப் போனாள். நடுவில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஆளே மாறினாள். அந்தக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சாத்துவாள் என்று நாமும் வெட்கமில்லாமல் காத்திருந்தோம்.

கடைசிக் காட்சி வந்த வாரம் உங்களுக்கு இரண்டாவது ஷிப்ட். வீட்டுக்கார அம்மா வீட்டில், லைன் வீட்டுப் பெண்கள் மூன்று பேரோடு உட்கார்ந்து நான் பார்த்தேன். அந்த இன்னொருத்தி துரத்திவிட, புருஷன் ஒரு கை விளங்காமல் வாசலில் வந்து நிற்கிறான். நம்மாளு அவன் காலில் விழுந்து, உள்ளே கூட்டிப் போகிறாள். சுபம் போட்டுவிட்டார்கள். "இதுக்கா நாலு வருசம் ஒக்காந்து பாத்தோம்? தூ" என்று வீட்டுக்கார அம்மா டிவியைப் பட்டென்று அணைத்தார்.

மறுநாள் நீங்கள் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டீர்கள். "சாத்திட்டாளா?" இல்லைக்கா, ஏமாத்திட்டானுங்க என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் நடித்துக் காட்டினேன். நான்கு வருடம் சொன்ன கதையைச் சப்பென்று முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவன் குரலைத் தழுதழுக்க வைத்தேன். "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று அவன் சொல்லாததையெல்லாம் சொல்ல வைத்தேன். உங்கள் கண் நிறைந்துவிட்டது. மனசு இளகினால் உங்களுக்குத் தெலுங்குதான் வரும். "பாபம்" என்றீர்கள். அவனைத்தான் சொன்னீர்கள்.

இரண்டு மாதத்தில் ஆனேக்கல்காரி உங்கள் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டாள். ஒரு பையோடு வந்து நின்றவரை உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் என்னிடம், "நம்மாளே சேத்துக்கிட்டா, எனக்கென்னடி?" என்றீர்கள். அவர் அதன்பிறகு வேலைக்கே போகவில்லை. நீங்கள் ஓவர்டைம் பார்த்தீர்கள், வந்து சமைத்தீர்கள். மார்பில் கட்டி இருப்பதை மாதக்கணக்கில் மறைத்தீர்கள். தெரிந்ததும் நான் கத்தினேன். "ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிட்டா அவருக்கு யாருடி சோறு போடுவா?" என்றீர்கள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

கெலமங்கலத்தில் உங்கள் வீட்டு வாசலில் உங்களுக்கு மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். "குடுத்து வச்சவ, சுமங்கலியாப் போயிட்டா" என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரை எடுத்தவர்களைக் கூட்டிவந்து அங்கே நிறுத்த வேண்டும் போலிருந்தது. அவர்கள் பக்கத்தில் என்னையும் நிறுத்தியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் யாருக்கும் கதை சொல்வதில்லை. ஆனால் அன்று உங்களிடம் மறைத்தது என்னிடமே கிடக்கிறது. நடந்தது நடந்தபடி இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அவனுடைய ஒட்டுத் தாடி காதோரம் பிரிந்து தொங்கியது. அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. காலில் விழுந்தவளை அவன் அந்த விளங்காத கையாலேயே தூக்கி நிறுத்தினான். டிவியை அணைப்பதற்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அக்கா. நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.