இன்னொரு அக்கார்டியன்

டெக்சாஸ், ஞாயிறு காலை

அன்புள்ளவளே,

நேற்று செக் நாட்டிலிருந்து வந்த நம்மவர்களின் மன்ற விழாவுக்கு ஊரையே அழைத்திருந்தோம். பண்பாட்டைப் பகிர்வதாகச் சுவரொட்டி சொன்னது. ஊர் பழக்கூழ் வைத்த நம் கொலாச் ரொட்டிக்காக வந்தது. என் வரவேற்புரையின்போது எல்லார் வாயிலும் ரொட்டி இருந்ததால் மறுப்பு எழவில்லை.

நான் அக்கார்டியனில் போல்கா ஆட்டப் பாட்டை வாசிக்கத் தொடங்கியதும் டயர் கடை எலிசியோ எழுந்தான்.

"அண்ணே, இது எங்க பாட்டு! மெக்சிகோவுல எங்க தாத்தா வாசிச்சது!"

"உங்க தாத்தாவுக்கு யாருப்பா கத்துக்குடுத்தது? எங்க ஆளுங்கதான்!" என்றாள் மன்றத் தலைவி லுட்மிலா.

"அப்புறம் ஏன்க்கா அண்ணன் தூங்கிக்கிட்டே வாசிக்கிறாரு?"

வண்டியிலிருந்து தன் அக்கார்டியனை எடுத்து வந்தான். சேர்ந்து வாசித்தோம். கூடம் அதிர்ந்தது! லுட்மிலா எலிசியோவோடு வந்திருந்த டயர் கடைக்காரர்கள் அத்தனை பேரோடும் ஆடினாள். எனக்கு இன்னும் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. ஜோடியாக ஆடும் முதல் வால்ட்ஸைத் தானே தனியாக வாசிப்பதாக எலிசியோ சொல்லிவிட்டான்.

இத்தனை வருடமும் நான் மேடையில் வாசித்தேன்; நீ சுவரோரம் அமர்ந்து, ஆடுகிறவர்களின் கைப்பைகளைக் காத்தாய். இப்போது நீ போய்த் தங்கியிருக்கும் உன் அக்கா வீட்டு நாற்காலிகள் வசதியானவை என்று கேள்வி.

சனிக்கிழமை, அந்த ஒரு வால்ட்ஸ் முடியும்வரை, என் இரண்டு கைகளும் காலியாக இருக்கும்.

உன் வீட்டுக்காரன்