ஓகே போடுகிற மேசை

மார்ச் 4
ஹாஸ்டலிலிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, ஓகேவா?"
"ஓகேடி."
போனை வைத்த பிறகுதான் பார்க்கிறேன், இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றை உள்ளே வைத்தேன். அவர் போய் இருபத்தாறு நாள்.

மார்ச் 6
சலவைக்கூடத்தில் நான் கடைசி மேசை. வெளுத்து வந்த ஆஸ்பத்திரி விரிப்பைப் பிரித்துப் பார்ப்பேன். கறை, கிழிசல் இல்லையென்றால் மடித்துக் கட்டி, 'ஓகே' முத்திரை குத்திய சீட்டு செருகுவேன். ஒன்பது வருஷமாக. எனக்கு வாசிக்க வரும் இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

இன்று மேஸ்திரி அக்கா ஒரு கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். விரிப்பின் நடுவில் தலை நுழையும் கிழிசல். மேலே என் சீட்டு.
"நீயே ஓகே இல்ல, துணிக்கு எங்கேருந்து ஓகே போடுவ? பத்து நாள் ஈரத் துணி பக்கம் போ. இன்னொரு கட்டு இப்படி வந்தா மேசை வேற ஆளுக்கு."

மார்ச் 7
மகளிடம் கேட்டேன், ஓகேன்னா என்னடி அர்த்தம்?
"ஃபைன்னா நல்லா இருக்கேன். ஆல்ரைட்னா ஒரு குறையும் இல்ல. ஓகேன்னா... பரவால்ல, ஏதோ ஓடுது."
"நான் எதைச் சொல்லணும்?"
"எது நெசமோ அதை."
பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்குப் பரீட்சை.

மார்ச் 9
அவருக்கும் அந்த ஒரு சொல்தான். உப்பு இல்லையா — ஓகே. செருப்பு கடிக்குதா — ஓகே. அன்றைக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னங்க செய்யுது என்றேன். "ஒண்ணுமில்ல, ஓகே. நீ வேலைக்குக் கிளம்பு."
கிளம்பினேனே. யோவ், நீ ஓகேன்னா நான் பிரிச்சுப் பாத்திருக்க வேணாமா? அதுதானேய்யா என் வேலை?

மார்ச் 10
ஈரத் துணி. கை விறைக்கிறது. முகம் நனைந்தால் யாரும் கேட்பதில்லை.

மார்ச் 13
"ஓகேவாம்மா?"
நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் நம்பிக்கொண்டு போவாள், நான் போன மாதிரி.
"இல்லடி. தினம் ரெண்டு தட்டு வைக்கிறேன்."
"நான் தினம் அப்பா நம்பருக்குப் போடறேன்மா. சுவிட்ச் ஆஃப்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் கேப்பேன்."
பரீட்சை முடிந்ததும் வருகிறாளாம்.

மார்ச் 16
மேசை திரும்பக் கிடைத்தது. முதல் கட்டிலேயே விரல் நகம் அளவு கிழிசல், பிடித்துவிட்டேன். அக்கா பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 22
இன்று தெரிந்தே இரண்டு தட்டு வைத்தேன். இரண்டையும் மகள்தான் கழுவினாள்.