சனிக்கிழமை ஓவர்டைம்

சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது, மச்சான். இன்று காலை பட்டறையில் கண்ணாடிக் கண் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்தச் சோடியடா?" என்று வாய்விட்டு உன்னைக் கேட்டுவிட்டேன். தான் சுட்ட எல்க் மானின் தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டத் தந்த நோர்வேக்காரன் பின்னால் நின்றான். தன்னைத்தான் கேட்கிறேனாக்கும் என்று பெட்டியில் முயலுக்கு வைக்கும் கண்ணைக் காட்டினான்.

நாம் இரண்டு பேரும் காட்டுக்கு வேட்டைக்குப் போன நாட்களில் எனக்குக் குறி பார்க்கவும் பிடிக்கும், படம் கீறவும் பிடிக்கும். துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பேன். "டேய், உனக்கெண்டு அது அசையாமல் நிக்குமே?" என்பாய். "சுட்டால் நிக்கும்தானே" என்றேன் ஒருநாள். அந்தப் பகிடிதான் பிறகு என் பிழைப்பானது.

முதல் முயலைப் பாடம் செய்து காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "இது முயலில்லை, வரிக் கந்தோர்க் கடிதம் கண்ட மனுசன்." ஊசியால் இமையை மெல்ல நெம்பிவிட்டாய், முயல் முயலானது. நான் துப்புரவு வேலையை விட்டு ஸ்ட்ரோம்மனில் பட்டறை போட்ட பிறகு, சனிக்கிழமைகளில் கண் வைப்பது உன் வேலை.

வீட்டில் மட்டும் ஓவர்டைம் என்று சொன்னாய். "செத்ததை உரிக்கிறவனோடை கூட்டு எண்டால் சனம் என்ன சொல்லும்? மகளுக்குச் சம்பந்தம் பேசுறம், விளங்குதே?" விளங்கியது. அதற்கும் பகிடிதான் விட்டேன்.

போன பனிக்காலம் நெஞ்சுவலி வந்து நீ போனாய். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். உன் அண்ணர் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, மிருகம் உரிக்கிற ஆளெல்லே நீர்? அரிசியை வைச்சிட்டு அங்காலை நில்லும்." வைத்தேன். எனக்கு அவரில் கோபமில்லை, அவர் அப்படித்தான். பக்கத்தில் நின்ற உன் மனுசி, "ஆர் இவர்?" என்று கேட்டாரே, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமையாவது நீ வீட்டுக்குப் போய் என் பெயரைச் சொல்லியிருக்கலாம், மச்சான்.

கண் வைக்கும்போதெல்லாம் உன் சொல்தான் கேட்கிறது: "உன்னைப் பாக்க வைக்காதை. தப்பி ஓடுற வழியைப் பாக்க வை." நீ நன்றாய் அறிந்த பார்வை அது.

போன கிழமை, நீ சுட்டு நீயே கண் வைத்த நரியைத் தூக்கிக்கொண்டு மோர்டென்ஸ்ருட்டில் உன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் மனுசியிடம், "இது அவரின்ரை கைவேலை, அக்கா" என்றேன். அவர் நரியின் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அவர் சனிக்கிழமையளிலை ஓவர்டைம் போனவர், தம்பி. இதைக் கொண்டு போங்கோ" என்றார்.

நான் திரும்பவும் அவர் கதவைச் சாத்தவும் சரியாக இருந்தது. நரியின் வால் கதவிடுக்கில் அகப்பட்டு, அறுந்து உள்ளே நின்றுவிட்டது. தையல் நூல் பழசு. மணியடித்துக் கேட்கலாமா என்று யோசித்தேன். பிறகு வாலில்லாத நரியோடு ரெயில் ஏறினேன்.