சூடாகத் திரும்பிய தண்ணீர்

அன்பு மகள் சிக்னேவுக்கு,

நானும் அம்மாவும் சௌகரியம், மேற்குக் காற்றும் சௌகரியமாகத்தான் வீசுகிறது. நீயும் சிட்னியில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

எரிவாயு விலை ஏறியதும், குளிருக்கு வீடு வீடாகக் குழாயில் வெந்நீர் அனுப்பும் நம் ஊர் வெந்நீர் நிலையம் திண்டாடியது உனக்குத் தெரியும். நிலையம் ஊர்க்காரர்கள் நமக்கே சொந்தம் என்பதால் திட்டவும் வேறு ஆளில்லை. காபியும் கேக்குமாகக் கூட்டம் போட்டு, கை தூக்கி, வாயுக் கொதிகலனை ஓரங்கட்டிவிட்டோம். இப்போது ஒரு பெரிய இயந்திரம் நம் லிம்ஃபியோர்டுக் கடல்நீரிலிருந்தே சூட்டை உறிஞ்சுகிறது, நம்புவாயா? விரல் விறைக்கிற தண்ணீர்! காற்று பலமாக அடித்துக் காற்றாலை மின்சாரம் மலியும்போது வெந்நீரைத் தொட்டியில் சேர்த்துவைக்கிறார்கள். நான் ஓயாமல் அதை வேடிக்கை பார்க்கப் போவதால், "அங்கயே ஒரு கட்டில் போட்டுக்குங்களேன்" என்கிறாள் அம்மா.

போன வருடம் நீ போனில், "எனக்காக ஒரு ரூமைச் சூடு பண்ண வேணாம், விலை குறையட்டும், அப்புறம் வர்றேன்" என்றாயே, அன்றே அம்மா உன் அறை ஹீட்டரின் வெந்நீர்க் குழாயை மூடிவிட்டாள். பிறகு மற்ற அறைகளையும் மூடி, சமையலறையில் மட்டும் முழுதாகத் திறந்து, கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தோம். மிச்சம் பிடிக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. உன் அறைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் போடில் என்கிற நிலையத்து மேலாளர் வீட்டுக்கு வந்தாள். "ஹோல்கர், உங்க வீட்டுத் தண்ணி மட்டும் ஆறாமலே எங்ககிட்ட திரும்பி வருது. எங்க மெஷினோட ஏன் மல்லுக்கட்டுறீங்க?" என்றாள். சுருக்கென்றது, ஆனாலும் காரணம் கேட்காமல் விடுவேனா? அவ்வளவு வெந்நீரும் ஒரே ஹீட்டரில் அவசரமாக ஓடினால் சூட்டை இறக்கிவைக்க நேரமில்லையாம். நன்றாக ஆறித் திரும்பினால்தான் இயந்திரத்துக்கு மின்சாரம் குறைவாகப் பிடிக்குமாம். எல்லா அறையிலும் கொஞ்சமாகத் திறந்துவைப்பதுதான் சிக்கனமாம். "எல்லா ரூமும்னா, எல்லா ரூமுமா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டாள். போடில் தலையாட்டியதும் மாடிக்குப் போனவள் வெகுநேரம் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால், ஹீட்டர் மேல் கையை வைத்தபடி உன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. மனதுபோல் எல்லாம் நடந்து நன்றாக இரு. டிசம்பருக்கு டிக்கெட் பார்க்க மறக்காதே. நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் அறை சூடாகத்தான் இருக்கும், இனி அந்தச் சாக்குச் செல்லாது. வந்துவிடு, கண்ணு.

உன் அப்பா,
ஹோல்கர்