என் அறை இல்லாத கொட்டேஷன்

அன்புள்ள மகனுக்கு,

நான் எலக்ட்ரீஷியனைத் திட்டி விரட்டியதாக உன் அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். விரட்டவில்லை. வாயால் சொன்ன வயரிங் வேலையையும் செலவையும் கொட்டேஷனாக எழுதிக் கொடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

“இதுக்கெல்லாம் எழுத்து எதுக்கும்மா?” என்று முதலில் வந்தவர் போய்விட்டார். இரண்டாமவர் மறுநாளே எழுதிக்கொண்டு வந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத தாள். அதில் கூடமும் சமையலறையும் மட்டும் இருந்தன. சுவிட்சைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் பின்பக்கத்து என் அறை இல்லை.

“என் ரூமை விட்டுட்டீங்களே” என்றேன்.

“உங்க பையன்தாம்மா போன்ல சொன்னாரு. ரெண்டு மாசத்துல வீட்டை விக்கப்போறோம், வாங்க வர்றவங்க கண்ணுல படுற இடத்தை மட்டும் சரி பண்ணுங்கன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? கையெழுத்துக் கேட்டார். கண்ணாடியைக் காணோம் என்றேன். அது என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீடு உன் பெயரில் இருக்கிறது. உன் அப்பா எழுதிக் கொடுத்தபோது சம்மதித்தவள் நான், அதை மறுக்கவில்லை. இப்போதைக்குக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விளக்கைப் போடுகிறேன்.

வீட்டை விற்கப்போகிறாயா, விற்றால் நான் எங்கே இருப்பது என்பதை எழுது. போனில் சொல்லாதே. எனக்கு எழுத்தில் வேண்டும்.

அம்மா